ஆண்டி-டிடெக்ட் பிரவுசர் வாங்கலாமா? பல கணக்குகளைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு ஓர் ஒப்பீடு

பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை, தென்காசி என்று நம்ம பக்கம் எங்கே போனாலும் கடைகளின் இணைய வேலையைப் பார்த்துக்கொடுக்கிற பிள்ளைகள் இப்போது நிறைய இருக்கிறார்கள். ஓர் அல்வாக் கடையின் இன்ஸ்டாகிராம், பத்தமடைப் பாய் விற்கிறவரின் ஃபேஸ்புக் பக்கம், கல்லிடைக்குறிச்சி அப்பளக்காரரின் அமேசான் கணக்கு, காருகுறிச்சி மண்பானைக்கு ஒரு யூடியூப் சேனல் எல்லாம் ஒரே லேப்டாப்பில் ஓடும். ஒருநாள் ஏதோ ஒரு கணக்கு பூட்டிக்கொள்ளும், சந்தேகத்துக்குரிய நடவடிக்கை என்று செய்தி வரும், கடைக்கார அண்ணாச்சி போனில் சத்தம் போடுவார். உடனே ஏதாவது ஒரு டெலிகிராம் குழுவில் ஒருவர், ஆண்டி-டிடெக்ட் பிரவுசர் வாங்கிவிடு, எல்லாம் சரியாகிவிடும் என்பார். ஒரே கணினியைத் தளங்களின் கண்ணுக்குப் பல வேறு கணினிகள் மாதிரி காட்டுகிற பிரவுசர் அது. வாங்கலாமா, எதை வாங்கலாம் என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு எழுதுவது இது. கேட்கிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அது தேவையே இல்லை என்பது என் முடிவு. தேவைப்படுகிற சிலருக்கு எதைப் பார்த்து எடுக்க வேண்டும் என்பதையும் சொல்கிறேன். ஆனால் முதலில் ஒரு தளம் உங்களை எப்படி அடையாளம் காண்கிறது என்பது தெரிய வேண்டும், அது தெரியாமல் எந்தப் பிரவுசரையும் ஒப்பிட்டுப் பயனில்லை.

மூன்று வழிகள். முதலாவது குக்கி, உங்கள் பிரவுசரில் தளம் விட்டுவைக்கிற சின்னக் குறிப்பு. இரண்டாவது ஐபி முகவரி, உங்கள் இணைய இணைப்புக்கு உரிய எண். மூன்றாவதுதான் ஃபிங்கர்பிரிண்ட்: உங்கள் திரையின் அளவு, நேர மண்டலம், மொழி, கிராபிக்ஸ் கார்டின் பெயர், பிராசசரில் எத்தனை கோர், என்னென்ன எழுத்துருக்கள் கணினியில் இருக்கின்றன என்று பிரவுசரைக் கேட்டுக் கேட்டுச் சேர்த்து, இவை எல்லாம் இதே சேர்க்கையில் இருக்கிற கணினி இது ஒன்றுதான் என்று கண்டுபிடிப்பது. கேன்வாஸ் என்று ஒன்று உண்டு, கண்ணுக்குத் தெரியாத ஒரு படத்தை வரையச் சொல்லி, அது வந்த விதத்தில் இருக்கிற நுண்ணிய வித்தியாசத்தை எண்ணாக்கி வைத்துக்கொள்வார்கள். கிராபிக்ஸ் கார்டு மாறினால், டிரைவர் மாறினால் படமும் கொஞ்சம் மாறும். 2010-லேயே எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற இணைய உரிமை அமைப்பு இதைச் சோதித்துப் பார்த்து, தங்கள் சோதனைப் பக்கத்துக்கு வந்த பிரவுசர்களில் 83.6 சதவீதம் தனித்து அடையாளம் காணக்கூடியவை என்று சொன்னது. குக்கி இல்லாமலேயே.

இதில் நம்ம ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. டிடிபி வேலை, பிளெக்ஸ் வேலை, கல்யாணப் பத்திரிகை வேலை பார்க்கிற கணினிகளில் பழைய பாமினி வகை எழுத்துருக்கள் நூற்றுக்கணக்கில் கிடக்கும். எழுத்தை வரைந்து அகலத்தை அளந்து பார்த்தாலே எந்த எழுத்துரு இருக்கிறது என்று தளத்தால் கண்டுபிடித்துவிட முடியும், அப்படியொரு பட்டியல் உலகத்தில் வேறு யாரிடமும் அநேகமாக இருக்காது. பகலில் பத்திரிகை அடிக்கிற அதே கணினியில் ராத்திரி கடைகளின் கணக்குகளைத் திறக்கிறவர் குக்கியை எத்தனை முறை அழித்தாலும் அந்த எழுத்துருப் பட்டியல் அவரைக் காட்டிக்கொடுக்கும். இதற்குக் காசே செலவாகாத தீர்வு உண்டு: இணைய வேலைக்கு வேறு கணினி வைத்துக்கொள்ளுங்கள், அல்லது ஓர் எழுத்துரு மேலாண்மை மென்பொருளில் தேவைப்படும்போது மட்டும் எழுத்துருக்களை ஏற்றி இறக்குங்கள்.

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். ஆண்டி-டிடெக்ட் பிரவுசரை விற்கிறவர்கள் அந்தரங்கம், பல கணக்கு நிர்வாகம் என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி விற்கிறார்கள். இவை இரண்டும் வெவ்வேறு தேவைகள், சொல்லப்போனால் எதிர்த்திசையில் போகிறவை. ஆனித் தேரோட்டத்தன்று ரத வீதியில் யார் கண்ணிலும் படாமல் போக வேண்டும் என்றால் வேட்டி சட்டையோடு கூட்டத்தில் ஒருவராகப் போக வேண்டும். ஒரே ஆள் ஒவ்வொரு முக்குக்கும் வேறு வேறு வேஷம் போட்டு வருவது அதிலிருந்து முற்றிலும் வேறான வேலை. அந்தரங்கத்துக்கென்று உருவான பிரவுசர்கள் முதல் வழியில் போகின்றன. ஆண்டி-டிடெக்ட் பிரவுசர்கள் இரண்டாவது வழியில். உங்களுக்கு எது வேண்டும் என்று முதலில் தீர்மானியுங்கள், பாதி குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

வேண்டியது அந்தரங்கம்தான், விளம்பரக் கம்பெனிகள் பின்னால் வரக்கூடாது, அவ்வளவுதான் என்றால் ஒரு பைசா கொடுக்க வேண்டாம். டோர் பிரவுசர் எல்லோரையும் ஒரே மாதிரி காட்டுகிறது, சன்னலின் அளவைக்கூடப் படிப்படியான அளவுகளுக்குத் திருத்திவிடும். மெதுவாக இருக்கும், டோர் வழியாகப் போய் ஃபேஸ்புக்கிலோ வங்கியிலோ லாகின் செய்தால் கணக்கு பூட்டப்படுகிற வாய்ப்பு அதிகம், அதனால் கடை வேலைக்கு அது உதவாது. முல்வாட் பிரவுசர் என்று ஒன்று 2023 ஏப்ரலில் வந்தது, டோர் திட்டக்காரர்களும் முல்வாட் விபிஎன் கம்பெனியும் சேர்ந்து செய்தது. ஃபிங்கர்பிரிண்டுக்கு எதிராக டோரின் அதே பாதுகாப்பு, ஆனால் இணைப்பைப் பல கணினிகள் வழியாகச் சுற்றி அனுப்புகிற டோர் வலைப்பின்னல் இல்லாமல். மூடினால் எல்லாம் அழிந்துவிடும், லாகின் நிற்காது. படிக்கவும் தேடவும் அருமையானது. பிரேவ் வேறு வழியில் போகிறது, ஒவ்வொரு தளத்துக்கும் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கேன்வாஸ் போன்றவற்றில் சின்ன மாற்றத்தைக் கலந்து கொடுக்கும். தினசரிப் பயன்பாட்டுக்கு இவற்றில் எது சுலபம் என்றால் பிரேவ்தான், நிறுவி விட்டால் போதும், எதையும் தொட வேண்டாம். ஃபயர்ஃபாக்ஸ் 2022 முதல் ஒவ்வொரு தளத்தின் குக்கியையும் தனித்தனியாகப் பிரித்து வைக்கிறது, அதுவும் பெரும்பாலானவர்களுக்குப் போதும்.

நம்ம பக்கத்துச் சரக்கு ஒன்றும் இருக்கிறது. தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கிற ஜோஹோ 2023-ல் உலா என்ற பிரவுசரை வெளியிட்டது. குரோமுக்கு அடித்தளமான குரோமியம் என்ற திறந்த நிரலின் மேல் கட்டியது, விளம்பரத் தடுப்பும் பின்தொடர்வோரைத் தடுப்பதும் உள்ளேயே உண்டு, வேலை, சொந்தம், குழந்தைகள் என்று தனித்தனி முறைகள் இருக்கின்றன. கடை வேலையையும் வீட்டு வேலையையும் பிரித்து வைக்க நினைக்கிற ஆளுக்கு அது நன்றாகவே பொருந்தும். பத்துக் கடைக்குப் பத்துப் பிரிவு வேண்டும் என்கிறவருக்குக் காணாது.

ஏன் இதையெல்லாம் இப்போது சொல்கிறேன் என்றால், 2025 பிப்ரவரியில் கூகுள் தன் விளம்பர விதிகளை மாற்றி, முன்பு கூடாது என்று சொல்லிவந்த ஃபிங்கர்பிரிண்ட் முறைகளை விளம்பரதாரர்கள் பயன்படுத்த வழிவிட்டது. குரோமில் மூன்றாம் தரப்புக் குக்கியை, அதாவது நீங்கள் பார்க்கிற தளம் அல்லாத பிற கம்பெனிகள் வைக்கிற குக்கியை, ஒழிக்கிறோம் என்று பல வருஷம் சொன்னதையும் கைவிட்டார்கள். ஆக, ஃபிங்கர்பிரிண்ட் பிரச்சினை பல கணக்கு வைத்திருக்கிறவனுக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம், அது வீட்டில் சும்மா செய்தி படிக்கிறவருக்கும் உரியதுதான்.

அடுத்தது பல கணக்கு. இங்கேதான் நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் காசு வீணாவதும் கணக்கு போவதும் இங்கேதான்.

கடைக்காரரின் பாஸ்வேர்டை வாங்கி உங்கள் லேப்டாப்பில் போட்டு வேலை பார்க்கிற பழக்கமே பிரச்சினையின் வேர். அம்பாசமுத்திரத்தில் கடைக்காரர் போனில் உள்ளே இருக்கிறார், பாளையில் நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள், கடைக்காரரின் மகன் சென்னையிலிருந்து திறந்து பார்க்கிறான், ஒரே பாஸ்வேர்டு, மூன்று ஊர். தளம் சந்தேகப்படத்தான் செய்யும். பூட்டியதும் ஓடிபி அண்ணாச்சி போனுக்குப் போகும், தீபாவளி நேரத்தில் அல்வாக் கடை முதலாளி ஓடிபி பார்த்துச் சொல்கிற நிலையிலா இருப்பார்? இதற்கு எந்த ஆண்டி-டிடெக்ட் பிரவுசரும் தீர்வு இல்லை. தளங்களே முன்வாசல் வழி ஒன்றைத் திறந்து வைத்திருக்கின்றன. மெட்டாவின் பிசினஸ் கணக்கில் கடைக்காரர் உங்களைக் கூட்டாளியாகச் சேர்த்து, பக்கத்துக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் விளம்பரக் கணக்குக்கும் தேவையான அனுமதியை மட்டும் கொடுக்கலாம். உங்கள் சொந்த லாகினிலிருந்தே இருபது கடையைப் பார்க்கலாம், அது விதிக்கு உட்பட்டது, அதற்காக யாரும் பூட்ட மாட்டார்கள். கூகுள் மேப்பில் கடை விவரத்துக்கு மேனேஜராகச் சேர்க்கச் சொல்லுங்கள். புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் 7 நாள் சில அதிகாரங்கள் கிடைக்காது, அதைக் கணக்கில் வைத்துக்கொண்டு திருவிழாவுக்கு முன்பே கேட்டு வாங்குங்கள். யூடியூபில் சேனல் அனுமதி என்று இருக்கிறது, மேனேஜர், எடிட்டர் என்று பிரித்துக் கொடுக்கலாம். அமேசான் விற்பனையாளர் கணக்கிலும் பயனர் அனுமதி உண்டு. வாட்ஸ்ஆப் பிசினஸில் போனைத் தவிர 4 கருவிகளை இணைக்கலாம். இன்ஸ்டாகிராம் செயலியில் 5 கணக்குகள் வரை மாற்றி மாற்றிப் பார்க்கலாம்.

இதில் இன்னொரு நன்மை, நீங்கள் வேலையை விட்டுப் போகிற அன்று கடைக்காரர் உங்கள் பெயரை நீக்கினால் முடிந்தது. பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது, யார் மாற்றினார்கள் என்று ஒரு சண்டை சச்சரவு இல்லை. பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பையன் துபாய்க்குப் போய்விட்டான், இப்போது பக்கம் யார் கையில் இருக்கிறது என்றே தெரியவில்லை என்று கலங்கி நிற்கிற கடைக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். வருஷக்கணக்கில் சேர்த்த வாடிக்கையாளர்கள் அப்படியே போய்விடுகிறார்கள். அது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

முன்வாசல் வழி இல்லாத தளங்களும் உண்டு. சின்ன சப்ளையர் தளங்கள், கூரியர் கணக்கு இவற்றில் எல்லாம் ஒரே நேரத்தில் இரண்டு கடைக்கு லாகின் செய்தால் ஒன்று வெளியே தள்ளும். அதற்கு ஃபயர்ஃபாக்ஸின் மல்ட்டி-அக்கவுன்ட் கன்டெய்னர்ஸ் என்ற எக்ஸ்டென்ஷன் போதும். 2017-லிருந்து இருக்கிறது, இலவசம். ஒவ்வொரு கடைக்கும் ஒரு கன்டெய்னர், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், ஒரே சன்னலில் பக்கத்துப் பக்கத்து டேப்பில் இரண்டு கடையின் கணக்கும் திறந்திருக்கும், குக்கி கலக்காது. பாய்க்கடைக்குப் பச்சை, அப்பளத்துக்கு மஞ்சள் என்று வைத்துக்கொண்டால் தவறான கணக்கில் தவறான படத்தைப் போடுகிற ஆபத்தும் குறையும். ஒரு குறைபாடும் உண்டு: பிரவுசர் வரலாறு, சேமித்த பாஸ்வேர்டுகள், எக்ஸ்டென்ஷன்கள் எல்லாக் கன்டெய்னருக்கும் பொதுவானவை. போனில் இது கிடையாது.

குரோம் ப்ரொஃபைல் இன்னும் கொஞ்சம் இறுக்கமான பிரிவு. வரலாறு, பாஸ்வேர்டு, புக்மார்க், எக்ஸ்டென்ஷன் எல்லாமே தனி, சன்னலும் தனி. உதவிக்கு ஆள் வைத்திருக்கிறவர்களுக்கு இது நல்லது, இந்தப் ப்ரொஃபைல் உனக்கு, அது எனக்கு என்று சொல்லிவிடலாம். ஆனால் ஒரு பாஸ்வேர்டும் போடாமல் யார் வேண்டுமானாலும் அடுத்த ப்ரொஃபைலைத் திறக்க முடியும் என்பதை மறக்க வேண்டாம், நிஜமாகப் பிரிக்க வேண்டுமென்றால் விண்டோஸிலேயே தனித்தனிப் பயனர் கணக்கு போடுங்கள். ரேம் 8 ஜிபி இருக்கிற லேப்டாப்பில் நாலைந்து ப்ரொஃபைல் ஒன்றாகத் திறந்தால் திணறும், கன்டெய்னர் அந்த அளவு தின்னாது. எனக்குக் கன்டெய்னர்தான் பிடித்தது. பத்துக் கணக்குக்குள் இருக்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுக்கலாம்.

கன்டெய்னரோ ப்ரொஃபைலோ ஃபிங்கர்பிரிண்டையும் ஐபியையும் மறைக்காதே என்று கேட்பீர்கள். மறைக்காது. மறைக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஒரே ஆள் ஒரே கணினியிலிருந்து பத்துக் கடைகளின் வேலையைப் பார்ப்பது குற்றமில்லை, தளங்களுக்கும் அது தெரியும். அதோடு ஜியோ, ஏர்டெல் போன்ற மொபைல் இணைப்பில் ஒரே ஐபியைப் பல பேர் பகிர்ந்துகொள்கிறோம், ஐபி ஒன்றாக இருப்பதை மட்டும் வைத்து யாரையும் தடை செய்தால் ஊரையே தடை செய்ய வேண்டிவரும். நான் பார்த்தவரை கணக்கு பூட்டப்படுகிறது என்றால் காரணம் பெரும்பாலும் தானாக லைக் போடுகிற, தானாக ஃபாலோ செய்கிற செயலி ஏதாவது, அல்லது ஒரே படத்தையும் ஒரே வாசகத்தையும் எல்லாப் பக்கத்திலும் வரிசையாகப் போட்டது. அந்தச் செயலியை நிறுத்தாமல் பிரவுசரை மாற்றி என்ன பலன்?

இனி ஆண்டி-டிடெக்ட் பிரவுசர்களுக்கு வருகிறேன். இவை குரோமியத்தையோ ஃபயர்ஃபாக்ஸையோ எடுத்துத் திருத்தி, ஒவ்வொரு ப்ரொஃபைலுக்கும் ஒரு பொய்யான கணினியைக் காட்டுகின்றன. இந்தப் ப்ரொஃபைல் மேக், அது விண்டோஸ், இதற்கு இந்தக் கிராபிக்ஸ் கார்டு என்று. ஒவ்வொன்றுக்கும் தனி ப்ராக்ஸியும், அதாவது வேறொரு ஐபி வழியாக உங்களை அனுப்புகிற சேவையும், கொடுப்பீர்கள். எஸ்டோனியாவின் மல்டிலாகின் 2015 முதல் இருக்கிறது, மிமிக் என்று குரோமியம் வகை ஒன்றும் ஸ்டெல்த்ஃபாக்ஸ் என்று ஃபயர்ஃபாக்ஸ் வகை ஒன்றும் அதில் உண்டு. விலை கூடியது, பெரிய விளம்பர ஏஜென்சிகளை மனதில் வைத்துச் செய்தது. கோலாகின் விலை அதைவிடக் குறைவு, ஆர்பிட்டா என்ற தன் பிரவுசரைக் கொடுக்கிறது, முதல் முறை பார்க்கிறவருக்குப் புரிகிற மாதிரி இருக்கும். ஆட்ஸ்பவர் தானியங்கி வேலைகளுக்குப் பேர் போனது, ஒரு சன்னலில் செய்வதை எல்லாச் சன்னலிலும் திரும்பச் செய்கிற வசதி அதில் உண்டு. டால்ஃபின் ஆண்டி, பிறர் பொருளைக் கமிஷனுக்கு இணையத்தில் விளம்பரம் செய்கிற அஃபிலியேட் கூட்டத்திலிருந்து வந்தது, அவர்கள் வேலைக்கு ஏற்ற மாதிரியே இருக்கும். ஹங்கேரிக்காரர்களின் காமிலியோ புரோகிராம் எழுதத் தெரிந்தவர்களுக்கு உகந்தது, ப்ரொஃபைலை உங்கள் கணினியிலேயே வைத்துக்கொள்ளலாம். பலவும் சில ப்ரொஃபைல்களை இலவசமாகக் கொடுக்கின்றன, அந்த எண்ணிக்கையையும் விலையையும் அடிக்கடி மாற்றுகிறார்கள், அதனால் வாங்குகிற அன்று அவர்கள் தளத்திலேயே பாருங்கள். கட்டணம் டாலரிலோ யூரோவிலோ இருக்கும், உங்கள் வங்கி மேலே போடுகிற மாற்றுக் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

இவற்றுக்கிடையே எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? விளம்பரத்தில் சொல்கிற ஐம்பது வசதிகளை விடுங்கள். நான் முதலில் பார்ப்பது உள்ளே இருக்கிற எஞ்சின் எத்தனை பழையது என்பதை. குரோம் சில வாரத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பு விடுகிறது. ஆண்டி-டிடெக்ட் பிரவுசர் அதன் பின்னால் இழுபட்டு வந்தால் இரண்டு கேடு. பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாமல் இருக்கும். அதோடு, நான் புதிய குரோம் என்று சொல்லிக்கொண்டு புதிய குரோமில் இருக்கிற வசதிகள் இல்லாமல் நின்றால் தளம் உடனே கண்டுபிடித்துவிடும். பொய்யான அடையாளம் முன்னுக்குப் பின் முரணாக இருந்தால் அது உண்மையான அடையாளத்தைவிட மோசம். மேக் என்று சொல்லிவிட்டு விண்டோஸின் லதா, நிர்மலா எழுத்துருக்களைக் காட்டுவது, ஐபி ஜெர்மனியில் இருக்க நேரம் மட்டும் இந்திய நேரமாக இருப்பது, கேன்வாஸில் கலந்த மாற்றம் செயற்கை என்று அப்பட்டமாகத் தெரிவது, இவை எல்லாம் நடக்கின்றன. சாதாரண குரோமில் சாதாரணமாகப் போயிருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது, ப்ரொஃபைல் எங்கே சேமிக்கப்படுகிறது என்பது. இதை நான் மிகப் பெரிய விஷயமாக நினைக்கிறேன். பெரும்பாலானவை உங்கள் குக்கிகளைத் தங்கள் சர்வரில் வைக்கின்றன, குழுவாக வேலை செய்ய அதுதான் வசதி. லாகின் குக்கி ஒருவர் கையில் போனால் பாஸ்வேர்டும் ஓடிபியும் இல்லாமலே அவர் உள்ளே வந்துவிடலாம். அதாவது, உங்களை நம்பிச் சாவியைக் கொடுத்த கடைக்காரர்கள் எல்லோருடைய சாவியையும் நீங்கள் பார்த்தேயிராத ஒரு கம்பெனியிடம் கொடுத்து வைக்கிறீர்கள். 2025 ஜனவரியில் ஆட்ஸ்பவரில் நடந்தது நினைவிருக்கட்டும்: அதன் வழியாக வந்த கிரிப்டோ வாலட் எக்ஸ்டென்ஷனில் யாரோ கெட்ட நிரலைப் புகுத்திவிட, சில நாட்களுக்குள் சுமார் 47 லட்சம் டாலர் போனது. அந்தரங்கத்துக்கு என்று வாங்கிய பொருள் வழியாகவே திருட்டு. அதனால் கணினியிலேயே சேமிக்கிற வசதி, அல்லது நீங்கள் மட்டும் திறக்கக்கூடிய என்கிரிப்ஷன், அதோடு இரண்டடுக்கு லாகின் இல்லாத எதையும் எடுக்காதீர்கள். கிராக் செய்த பதிப்பு டெலிகிராமில் கிடைக்கும். தொடவே தொடாதீர்கள், பாஸ்வேர்டு திருடுகிற நிரல்கள் பரவுகிற வழிகளில் அது ஒன்று.

மூன்றாவது ப்ராக்ஸி. பிரவுசர் பத்து முகம் காட்டினாலும் பத்தும் ஒரே பிராட்பேண்ட் ஐபியிலிருந்து போனால் காட்டியதற்கு அர்த்தம் இல்லை, அதனால் ப்ராக்ஸிக்கும் மாதாமாதம் தனியாகக் காசு போகும், பல சமயம் பிரவுசரைவிட அதிகமாகவே. ரெசிடென்ஷியல் ப்ராக்ஸி என்று மலிவாக விற்பவை யாருடைய வீட்டு இணைப்பு என்று கேளுங்கள். 911 எஸ்5 என்ற சேவை பல வருஷம் இப்படி விற்றது. இலவச விபிஎன் செயலிகளில் கெட்ட நிரலை ஏற்றி, உலகம் முழுக்க ஒன்றும் அறியாத ஜனங்களின் கணினிகளைக் கைப்பற்றி, 1.9 கோடி ஐபி முகவரிகளைச் சேர்த்து வாடகைக்கு விட்டார்கள் என்று 2024 மே மாதம் அமெரிக்க அரசு அதை முடக்கியபோது சொன்னது. மலிவு ப்ராக்ஸி வாங்குகிறவர் அப்படி ஒரு வீட்டுக்காரரின் இணைப்பில் உட்கார்ந்திருக்கக்கூடும். எங்கிருந்து வருகிறது என்று தெளிவாகச் சொல்லாத ப்ராக்ஸியை விட்டு விலகுங்கள்.

எதற்குப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் நேராகவே சொல்கிறேன். நெல்லை எக்ஸ்பிரஸ் தட்கலுக்காகப் பல தனிப்பட்ட ஐடி போட்டு டிக்கெட் எடுத்து விற்பதற்கு இதைக் கேட்டு வருகிறவர்கள் உண்டு. அனுமதி இல்லாமல் டிக்கெட் வியாபாரம் செய்வது ரயில்வே சட்டத்தின் 143-ஆம் பிரிவின்படி குற்றம், 3 வருஷம் வரை சிறை. 2025 ஜூலையிலிருந்து தட்கலுக்கு ஆதார் சரிபார்ப்பும் வந்துவிட்டது, பிரவுசரை மாற்றி அதைத் தாண்ட முடியாது. பொய் விமர்சனம் எழுதுவது, எதிர்க்கடைக்கு ஒரு ஸ்டார் போடுவது, தடை செய்யப்பட்ட விளம்பரக் கணக்குக்கு வேறு பெயரில் திரும்ப வருவது, வேறொருவர் பெயரில் கணக்கு நடத்துவது, இதற்கெல்லாம் எந்தப் பிரவுசர் நல்லது என்று நான் சொல்லப் போவதில்லை. ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி காத்திருக்கிறது. படித்த பிள்ளைகள் மாதம் சில ஆயிரத்துக்காக இதில் போய் விழுவதைப் பார்க்க வயிறு எரிகிறது.

அப்படியானால் யாருக்குத்தான் தேவை? வெளிநாட்டில் தங்கள் விளம்பரம் எப்படித் தெரிகிறது என்று பார்க்க வேண்டிய ஏற்றுமதிக்காரர், பல நாட்டு வாடிக்கையாளர்களின் கணக்குகளை அவர்கள் எழுத்து மூலம் கொடுத்த சம்மதத்தோடு அவரவர் நாட்டு ஐபியில் நடத்துகிற ஏஜென்சி, மோசடிகளைத் துப்பறிகிறவர், மென்பொருள் சோதிக்கிறவர். தனி ஆள் என்றால் கோலாகினின் இலவசத் திட்டத்தில் சோதனைக் கணக்கு ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள். ஏஜென்சி, நாலைந்து ஊழியர், வருமானம் இதில்தான் என்றால் மல்டிலாகினுக்குக் காசு கொடுப்பது நியாயம். சர்வரில் எதுவும் போகக் கூடாது என்றால் காமிலியோ. வாங்குவதற்கு முன் கவர் யுவர் டிராக்ஸ், பிரவுசர்லீக்ஸ் போன்ற சோதனைப் பக்கங்களில் திறந்து பாருங்கள், நேர மண்டலம், மொழி, எழுத்துரு, வெப்ஆர்டிசி (பிரவுசரில் வீடியோ அழைப்புக்கான வசதி) வழியாக உண்மையான ஐபி கசிகிறதா என்று நான்கையும் கவனியுங்கள். தனித்துவமானது என்று சோதனை சொன்னால் உடனே பயப்பட வேண்டாம், பிரேவ் மாதிரி ஒவ்வொரு முறையும் மாற்றிக்காட்டுகிற பிரவுசருக்கும் அப்படித்தான் வரும். காட்டுகிற விவரங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்பதே கேள்வி.

ஏற்கெனவே ஏதோ ஒரு ஆண்டி-டிடெக்டில் கடைகளின் கணக்குகளை ஏற்றி வைத்துவிட்டு, இதைப் படித்து வெளியே வர நினைக்கிறவர்களுக்கு வரிசை முக்கியம். முதலில் ஒவ்வொரு கணக்கிலும் மீட்பு இமெயிலும் போன் எண்ணும் கடைக்காரருடையதா என்று பார்த்து, இல்லையென்றால் மாற்றிக் கொடுங்கள். அப்புறம் கடைக்காரரின் உண்மையான லாகினிலிருந்து உங்களுக்கு அனுமதி வாங்குங்கள். அது வேலை செய்கிறது என்று உறுதியான பிறகு எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு என்பதைக் கொடுத்து, பாஸ்வேர்டை அவரையே மாற்றச் சொல்லுங்கள். பாஸ்வேர்டு மட்டும் மாற்றினால் பழைய குக்கி சில தளங்களில் உயிரோடு இருக்கும். ஆண்டி-டிடெக்டில் இருக்கிற ப்ரொஃபைலையும் அதன் குப்பைத் தொட்டியில் இருப்பதையும் அழிப்பது அதற்குப் பிறகுதான். ஒரே நாளில் எல்லாக் கடையையும் மாற்றாதீர்கள், ஒரு கடை முடிந்து இரண்டு நாள் ஒழுங்காக ஓடிய பிறகு அடுத்ததற்குப் போங்கள், பண்டிகைக்கு முந்தின வாரத்தில் எதையும் தொடாதீர்கள்.